ஆபீஸ் கம்ப்யூட்டரில் ‘ஸ்வீட்32’ எச்சரிக்கை: பழைய சைஃபரை அணைத்தால் போதுமா?

வீட்டிலிருந்தபடி ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் போக ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் நிறுவனங்களில், பாதுகாப்பு ஆய்வு அறிக்கைகளில் அடிக்கடி தலைகாட்டும் பெயர் ‘ஸ்வீட்32’. 3389-வது போர்ட்டில் ‘ட்ரிபிள் டெஸ்’ என்ற பலவீனமான சைஃபர் இருக்கிறது, அணைத்துவிடுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். ஐடி டீமும் அணைத்துவிட்டு டிக்கெட்டை மூடிவிடும். சரி, அதோடு அந்த கம்ப்யூட்டர் பத்திரமாகிவிட்டதா?

சைஃபர் என்பது தகவலைப் பூட்டும் கணக்குமுறை. இரண்டு கம்ப்யூட்டர்கள் இணையும்போது, ‘எனக்கு இந்தப் பூட்டெல்லாம் தெரியும்’ என்று ஒன்று பட்டியலை நீட்டும். மற்றொன்று அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். இன்றைய விண்டோஸ் மெஷின்கள் இரண்டு பேசிக்கொண்டால் பெரும்பாலும் ஏஇஎஸ்-தான் தேர்வாகும். பழைய மெஷின் ஏதாவது வந்தால் உதவட்டுமே என்று பட்டியலின் கடைசியில் விட்டுவைக்கப்பட்டதுதான் ட்ரிபிள் டெஸ்.

இப்படி விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதை 2015-ல் வெளியான ‘ஃப்ரீக்’ குறைபாடு காட்டியது. 1990-களில் அமெரிக்காவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக வேண்டுமென்றே பலவீனமாக்கிய சாவிகள், கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் பல சர்வர்களில் அப்படியே கிடந்தன. நடுவில் புகுந்தவர் இணைப்பை அந்தச் சாவிக்கே இறக்கிவிட முடிந்தது.

64 பிட் சிக்கல்

டெஸ், 1977-ல் அமெரிக்க அரசின் தரமுறையானது. அதன் 56 பிட் சாவியை 1998-ல் ஒரு தனி இயந்திரம் மூன்று நாட்களுக்குள் கண்டுபிடித்தது. அதே டெஸ்ஸை மூன்று முறை ஓட்டுவதுதான் ட்ரிபிள் டெஸ். சாவி நீண்டது, தகவலை 64 பிட் துண்டுகளாக வெட்டுவது மட்டும் மாறவில்லை. ஒரே சாவியில் சுமார் 32 ஜிபி ஓடினாலே, பூட்டிய துண்டுகளில் இரண்டு ஒன்றுபோல அமையும் வாய்ப்பு கூடிவிடும். கசிவு தொடங்குவது அங்கேதான். பிரான்ஸின் இன்ரியா ஆய்வாளர்கள் 2016-ல் சுமார் 785 ஜிபி டிராஃபிக்கைப் பிடித்து, இரண்டு நாளுக்குள் ஒரு குக்கீயை மீட்டுக் காட்டினார்கள்.

ஆனா ஒண்ணு. அந்தச் சோதனையில் பிரவுசருக்குள் ஒரு ஸ்கிரிப்ட் அதே குக்கீயைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்தது. ரிமோட் டெஸ்க்டாப்பில் அப்படி அனுப்பவைப்பது லேசான காரியமில்லை. அறிக்கையில் மிரட்டினாலும் நிஜ ஆபத்து குறைவுதான். அதற்காக விட்டுவைக்கவும் காரணமில்லை. ட்ரிபிள் டெஸ் கொண்டு தகவலைப் பூட்டுவதற்கான அனுமதியை அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2023-ம் ஆண்டோடு முடித்துவிட்டது. புதிய விண்டோஸ்களில் ஒரு பவர்ஷெல் கட்டளை, ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான்.

பழைய சர்வர் என்றால் தலைவலி. இந்த மாற்றம் ரிமோட் டெஸ்க்டாப்போடு நிற்காது. விண்டோஸின் அதே பாதுகாப்பு அடுக்கை நம்பியிருக்கும் மற்ற மென்பொருள்களையும் தொடும். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-ல், உரிய அப்டேட் போடாமல் டிஎல்எஸ் 1.0-வையும் சேர்த்து அணைத்தால் ரிமோட் இணைப்பே நின்றுபோகக்கூடும். அதையும் ரிமோட்டில் உட்கார்ந்தே செய்தால், சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய கதைதான். மெஷினுக்கு நேரில் போக ஒரு ஆள் இருக்கும் நேரத்தில் செய்வது நல்லது.

2019-ல் உலகையே பதறவைத்த ‘ப்ளூகீப்’ ஓட்டைக்கும் சைஃபருக்கும் சம்பந்தமே இல்லை. பாஸ்வேர்ட் கேட்கும் முன்பே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே நுழைய வழிவிட்டது அது. 2014-லேயே ஆதரவை நிறுத்திய எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுக்க வேண்டியதாயிற்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அப்டேட் நின்ற மெஷினில், 3389 நேரடியாக இணையத்துக்குத் திறந்திருந்து, ஓடிபி போன்ற இரண்டாம் சரிபார்ப்பும் இல்லையென்றால், ஐடி டீம் முதலில் கைவைக்க வேண்டியது அதில்தான். ட்ரிபிள் டெஸ் டிக்கெட் அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம்.