ரசம் போன கண்ணாடி

ஹாஸ்டல் ரூம்ல உங்க கண்ணாடி என்ன சைஸ் பாஸ்? நான் படிச்சப்போ எங்க ரூம்ல நாலு பேருக்கு உள்ளங்கை அகலத்துல ஒண்ணே ஒண்ணு. மீசையைப் பார்த்தா கிருதா தெரியாது, கிருதாவைப் பார்த்தா மீசை தெரியாது! இந்த வாரம் மேட்டர் கண்ணாடிதான். மூஞ்சி பார்க்கிறது மட்டும் இல்ல... நம்ம பாட்டி வீடுகள்ல தூசி படிஞ்சு தொங்குதே குளோப்பு, லாந்தர் சிம்னி, பூப்போட்ட கிண்ணம், அதெல்லாமும்தான்.

முதல்ல நான் பண்ணின கேவலத்தைச் சொல்லிடறேன்.

பெரியகுளம் தென்கரையில எங்க அப்பத்தா வீடு. அங்க ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி. தேக்குச் சட்டம், ஓரமெல்லாம் சாய்வா பட்டை தீட்டினது. காலையில வெயில் பட்டா எதிர் சுவத்துல வானவில் அடிக்கும். ஆனா முக்கால்வாசி ரசம் போயிடுச்சு. நடுவுல ஒரு தட்டு அளவுக்குத்தான் முகம் தெரியும். அப்பத்தா தினமும் குளிச்சிட்டு வந்து, அந்தத் தட்டளவு இடத்துக்குக் குனிஞ்சு திருநீறு பூசும்.

வீட்டைப் பாகம் பிரிச்ச வருஷம் பழைய சாமான் வியாபாரி ஒருத்தர் வந்தார். கண்ணாடிக்கு 800 ரூபாய்னார். நான் யாரு? காமர்ஸ் ஸ்டூடன்ட் ஆச்சே! அரை மணி நேரம் பேரம் பேசி 1,200-க்கு முடிச்சேன். அந்தக் காசுலயே புதுக் கண்ணாடி ஒண்ணு வாங்கி அதே ஆணியில மாட்டியும் விட்டேன். அப்பத்தா எதுவும் சொல்லலை. ஒரு வாரம் கழிச்சு மெதுவா சொல்லுச்சு: "இதுல யாரோ ஒரு கிழவி தெரியுறாடா."

சிரிச்சேன். அப்போ சிரிப்புதான் வந்தது.

அடுத்த வருஷம் நண்பன் அக்கா கல்யாணத்துக்குக் காரைக்குடி போயிருந்தோம். சாப்பாடு முடிஞ்சு, செரிக்கட்டும்னு முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு நடை. தெரு முழுக்கப் பழைய சாமான் கடைகள். மரத்தூண், எனாமல் தட்டு, ரவிவர்மா படம், கலர் கலரா குளோப்பு. நடுவுல எங்க வீட்டுக் கண்ணாடிக்கு அண்ணன் மாதிரி ஒண்ணு! விலை கேட்டேன். நான் வித்த விலைக்குப் பக்கத்துல ஒரு சைபர் சேர்த்துக்கோங்க. கடைக்காரர் அதுல பாதி நேரம் பேசினது விலையைப் பத்தி இல்ல, அது எந்த வீட்டு முற்றத்துல இருந்ததுன்னு.

பர்மா, இலங்கை, மலேயான்னு வட்டித்தொழில் பண்ணின நகரத்தார், பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடின்னு இறக்கிக் கட்டின வீடுகள் அவை. 1930-கள்ல உலகமே பொருளாதாரச் சரிவுல கிடந்தது. 1942-ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள வந்தது. பணம் நின்னுச்சு. ஒரு வீட்டுக்கு பத்து, இருபது பங்காளிங்க. சரவிளக்கைப் பங்கு போட முடியுமா? வித்துத்தான் பங்கு போடணும். அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்தத் தெரு. எங்க தென்கரை வீட்டுல நடந்ததும் அதேதான், கொஞ்சம் சின்ன சைஸ்ல!

ஊருக்குத் திரும்பி அப்பத்தாகிட்ட முதல் தடவையா கேட்டேன், "அந்தக் கண்ணாடி ஏது?"ன்னு. வெள்ளைக்காரங்க கிளம்பின சமயத்துல கொடைக்கானல் பங்களா ஒண்ணுல ஏலம் விட்டாங்களாம். தாத்தா எடுத்து லாரியில இறக்கினாராம். ஒரு விஷயம் யோசிங்க. கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு வந்தது 1910-கள்ல. அதுக்கு முன்னாடி வெள்ளைக்காரங்க ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டியில நம்ம பெரியகுளம் பக்கத்து அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்து மலைப்பாதையில நடை; இல்லன்னா டோலி. ஜன்னல் கண்ணாடி, விளக்கு, பீங்கான் எல்லாமே நம்ம ஊர் ஆளுங்க தலையில ஏறிப் போனதுதான். கும்பக்கரை அருவியில ஆட்டம் போடறப்போ அந்த மலையை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. வெறும் கையோட ஏறினாலே நாக்கு தள்ளும்.

இதையெல்லாம் விக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். சரி விடுங்க. நான் கோட்டை விட்டதை நீங்க விடாம இருக்க, கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

பழைய கண்ணாடிகள்ல பாதரசமும் தகரமும் கலந்துதான் பின்பக்கம் பூசினாங்க. 'ரசம் போச்சு'ன்னு நாம சொல்றமே, அந்தப் பேச்சே அங்க இருந்து வந்ததுதான். 1835-ல லீபிக்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட் வெள்ளி பூசற முறையைக் கண்டுபிடிச்ச பிறகு பாதரசம் கொஞ்சம் கொஞ்சமா ஒதுங்கிச்சு. அதனால ரொம்பப் பழைய கண்ணாடி கிடைச்சா பின்பக்கத்தைச் சுரண்டாதீங்க, புதுசா ரசம் பூசக் கொடுக்காதீங்க. பாதரசம் என்ன பண்ணும்னு, தெர்மாமீட்டர் ஃபேக்டரியை 2001-ல மூடின கொடைக்கானல்காரங்களைக் கேட்டா கதை கதையா சொல்லுவாங்க.

கிண்ணம், பூ ஜாடின்னா தலைகீழா கவுத்துப் பாருங்க. ஊதிச் செஞ்சதுன்னா அடியில பிடிகம்பியை உடைச்செடுத்த தழும்பு இருக்கும், இல்லன்னா அதைத் தேய்ச்சு மெருகேத்தின குழி இருக்கும். பல வருஷம் அலமாரியில நகர்ந்ததுன்னா அடி விளிம்புல கன்னாபின்னான்னு கீறல். எல்லாக் கீறலும் ஒரே திசையில இருந்தா உப்புத்தாள் வேலை பாஸ்! 'பெல்ஜியம் பெல்ஜியம்'னு அடிச்சு விடற சரவிளக்குல பல, உத்தரப்பிரதேசத்து ஃபிரோசாபாத்துல பிறந்தது. அதுவும் அழகுதான், அதை அந்த விலைக்கு வாங்கணும். அவ்வளவுதான்.

விரலால சுண்டினா 'ணிங்ங்'னு நீளமா பாடுதா, கைக்குக் கனமா இருக்கா? ஈயம் கலந்த கிரிஸ்டலா இருக்கலாம். ஷோகேஸுக்கு ராஜா. ஆனா நம்ம ஊர் மாங்கா ஊறுகாயை அதுல போட்டு வைக்காதீங்க, புளிப்புக்கு ஈயம் கரையும். நூறு வருஷம் தாண்டின கலைப்பொருளை துபாய் சித்தப்பாவுக்கு கிஃப்ட்டா அனுப்பற ஐடியாவும் வேண்டாம். 1972-ம் வருஷத்துச் சட்டம் பிடிச்சுக்கும்.

காசு இல்லையா? கோலிசோடா பாட்டில்ல ஆரம்பிங்க. ஹிராம் காட்னு ஒரு இங்கிலீஷ்காரர் 1872-ல பேட்டன்ட் வாங்கின டிசைன் அது. உள்ளே இருக்கிற கேஸே கோலியை மேல தள்ளி, கழுத்து ரப்பர்ல அடைச்சுக்கும். என்ன மூளை! அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பசங்களும் கோலிக்காக பாட்டிலை உடைச்சிருக்காங்க. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துல கோக், பெப்சி வேண்டாம்னு கிளம்பினப்போ கோலிசோடாவுக்கு மறுவாழ்வு கிடைச்சது. காயலான் கடை மூட்டையில பழைய பச்சை பாட்டில் ஒண்ணு சிக்கினா, கழுவி ஜன்னல்ல வெச்சுப் பாருங்க. ரூமே குளத்துக்குள்ள இருக்கிற மாதிரி ஆயிடும்.

என்கிட்ட இப்போ ஏழு உருப்படி. போன மாசம் பிளாட்ஃபார்ம்ல 150 ரூபாய்க்கு ஒரு மஞ்சப்பச்சைக் கிண்ணம் சிக்கிச்சு. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற டார்ச்சை அடிச்சேன். பச்சைப் பசேல்னு ஜொலிக்குது. துளியூண்டு யுரேனியம் சேர்த்துச் செஞ்சது, ஒரு காலத்துல ஐரோப்பாவுல செம ஃபேஷன். அப்பத்தாவை எழுப்பிக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துச்சு. "இதே மாதிரி ஒண்ணுலதான் பொட்டுக்கடலை போட்டு வச்சிருந்தேன். உங்கப்பன் உடைச்சுட்டான்."

அப்பாவை இன்னும் விசாரிக்கலை.