பாதியில் நிற்கவும் பயிற்சி வேண்டும்

கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களுக்குக் கியா பார்ம் சந்தையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவித்த சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஸ்ட்ராபெரி, சனி ஞாயிறுகளில் நகர மறுக்கும் கார் வரிசை. அந்த வரிசைக்கு நடுவே சேறு அப்பிய காலணியோடு ஓடிவரும் இளைஞர்களையும், தடித்த டயர் சைக்கிளில் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து இறங்கி வருபவர்களையும் இப்போது பார்க்க முடிகிறது. அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாரம் முழுக்க அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்துவிட்டு, விடுமுறையில் மலையேறி ஓடுகிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான்.

மலையோட்டத்தில் பழகியவர்களின் அடுத்த ஆசை பெரும்பாலும் மலைப்பாதை ட்ரையத்லான். முதலில் நீச்சல், அடுத்து காட்டுப்பாதையில் சைக்கிள், கடைசியில் ஓட்டம். மூன்றையும் இடைவெளி இல்லாமல் முடிக்க வேண்டும். 1996-இல் ஹவாயின் மாவி தீவில் தொடங்கிய எக்ஸ்டெரா போட்டிதான் இதை உலகறியச் செய்தது. வழக்கமான தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 30 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். எண்களைப் பார்த்தால் செய்துவிடலாம் என்றே தோன்றும். ஆனால் நகரச் சாலையில் மயங்கி விழுந்தால் சில நிமிடங்களில் யாராவது தூக்குவார்கள். மலையில் உங்களைத் தேடி ஆள் வரவே மணிக்கணக்காகும்.

2021 மே 22-ஆம் தேதி சீனாவின் கன்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் ஓடினார்கள். உச்சியை நோக்கி ஏறும்போது திடீரெனப் பலத்த காற்று, குளிர்மழை, ஆலங்கட்டி. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேல்சட்டையுமாக இருந்தார்கள். காற்றைத் தடுக்கும் சட்டை கட்டாயப் பொருள்களின் பட்டியலில் இல்லை. அன்று 21 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் லியாங் ஜிங், சீனாவின் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர். அனுபவம் இல்லாதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும். ஆறு பேரைக் காப்பாற்றியவர் ஆடு மேய்க்கும் சூ கெமிங். மழைக்கு ஒதுங்கியிருந்த குகைக்குள் அவர்களைக் கொண்டுவந்து, நெருப்பு மூட்டிச் சூடேற்றினார்.

நம் மலையில் அந்த அளவு குளிர் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் உடல் சூடு குறைவதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. நனைந்த சட்டை, காற்று, களைப்பு மூன்றும் சேர்ந்தால் 15 பாகை செல்சியஸிலேயே அது தொடங்கிவிடும். 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையிலும் அதைவிட உயர்ந்த ஈராவ் மலையிலும் மூடுபனியும் மழையும் சேர்ந்து வருவது சாதாரணம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை இன்னும் கூடுதல்.

முதல் அடையாளம் நடுக்கம். அடுத்து விரல்கள் சொன்னபடி கேட்காது. பையின் ஜிப்பைத் திறக்க முடியாது. பிறகு பேச்சு குழறும், கால் தடுமாறும். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று சோர்ந்துபோனால், நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள். அவரைக் காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத்துணியைக் களைந்து, உலர்ந்த துணியால் போர்த்தி, 999-ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் உங்கள் போட்டி நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உடன் ஓடுபவருக்காக நிற்பது விதிமுறைப் புத்தகத்தில் இல்லாவிட்டாலும் நம் கடமை.

நீச்சலுக்கு வருவோம். இதில் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு சபாவில் எக்கோ சேலஞ்ச் என்ற சாகசப் போட்டி நடந்தது. 304 பேர் கலந்துகொண்டு காட்டிலும் ஆற்றிலும் பல நாள் போராடினார்கள். வீடு திரும்பிய பிறகு ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் படுத்தார்கள். ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள். விலங்குகளின் சிறுநீர் கலந்த நீர், தோலில் உள்ள சிராய்ப்பு வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் கிருமியை உடலுக்குள் அனுப்பிவிடும்.

ஆகவே காலில் புண் இருந்தால் நீர்புகாத கட்டுப் போடுங்கள். பலத்த மழைக்கு மறுநாள் கலங்கி ஓடும் ஆற்றில் பயிற்சி வேண்டாம். போட்டி முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோ கடும் தசைவலியோ வந்தால், ஆற்றில் நீந்தியதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். முன்கூட்டியே மருந்து தேவையா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

கேமரன் மலை ஆறுகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ரிங்லெட் ஏரி என்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் இடம் மின் உற்பத்திக்கான சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம். 2013 அக்டோபர் 23-ஆம் தேதி கனமழைக்குப் பிறகு அங்கிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பறிபோயின. அணைக்குக் கீழே உள்ள ஆற்றை நீச்சல் பழகும் இடமாக நினைக்கவே கூடாது.

சைக்கிளில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் எலும்பு உடைகிறது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தினால் ஈர மண்ணில் டயர் வழுக்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள். தோட்டத்துச் சாலைகள் குறுகியவை. எதிரே கொழுந்து ஏற்றிய லாரி வரலாம், பூர்வகுடிக் கிராமத்துப் பிள்ளைகள் நடந்து வரலாம். போட்டிக்காகச் சாலை மூடப்படாத நாளில் அது அவர்களுடைய சாலை. நமக்கு விளையாட்டுத் திடலாகத் தெரியும் தேயிலைச் சரிவு, ஒருவருக்கு வேலையிடம். நம்மில் பலருடைய தாத்தா பாட்டி இப்படிப்பட்ட தோட்டங்களில் உழைத்தவர்கள்தான். குறுக்கு வழிக்காகச் செடி வரிசைக்குள் புகுந்தால் செடி ஒடியும், மண் சரியும். பாசிக்காட்டின் தரையில் ஒரு காலடி பதிந்த இடம் மீண்டும் பச்சையாக நெடுநாள் ஆகும். காட்டுக்குள் பயிற்சிக்குப் போகுமுன் வனத்துறை அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறித் தோட்டங்களுக்குக் கீழே வரும் ஓடையில் தண்ணீர் பிடித்துக் குடிக்காதீர்கள். உரமும் பூச்சிமருந்தும் கலந்திருக்கக்கூடும்.

பையில் மழைச்சட்டை, மெல்லிய அவசரப் போர்வை, விசில், தலைவிளக்கு, பிளாஸ்டிக் உறையில் சார்ஜ் நிறைந்த கைப்பேசி, கூடுதலாக ஒரு வேளை உணவு. பட்டியலில் கேட்காவிட்டாலும் எடுத்துச் செல்லுங்கள். எல்லாம் சேர்த்து ஒரு கிலோதான் இருக்கும்.

இவற்றைவிட முக்கியமானது, எங்கே நிறுத்துவது என்பதை முதல் நாள் இரவே முடிவு செய்வது. இரண்டாம் சோதனைச்சாவடிக்கு இத்தனை மணிக்குள் வராவிட்டால் நிறுத்துவேன், நடுக்கம் நிற்காவிட்டால் நிறுத்துவேன், பிரேக் பழுதானால் நிறுத்துவேன் என்று ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். மலையில் களைத்த மூளை சரியாக யோசிக்காது. கட்டிய கட்டணமும் வாங்கிய காலணியும் நண்பர்களிடம் சொன்ன வார்த்தையும் சேர்ந்து, இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று இழுக்கும். மாதம் ஒருமுறை பயிற்சியின்போதே, வானம் கறுத்தால் பாதியில் திரும்பிப் பழகுங்கள். அதுவும் ஒரு பயிற்சிதான்.

விலகினால் கட்டாயம் அருகிலுள்ள சாவடியில் சொல்லிவிட்டு எண்ணைத் திருப்பிக் கொடுங்கள். சொல்லாமல் விடுதிக்குப் போய்த் தூங்கிவிட்டால், உங்களைத் தேடிப் பொம்பா வீரர்களும் தொண்டூழியர்களும் இரவு முழுவதும் காட்டில் அலைவார்கள். 1967 மார்ச் 26-ஆம் தேதி தானா ராத்தாவில் ஒரு பங்களாவிலிருந்து நடக்கப்போன பட்டு வணிகர் ஜிம் தாம்சனை நூற்றுக்கணக்கானோர் தேடியும் இன்றுவரை ஒரு தடயமும் கிடைக்கவில்லை. போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் யாரிடமாவது சொல்லாமல் காட்டுப் பக்கம் போகாதீர்கள்.

பெற்றோருக்கும் துணைவருக்கும் ஒரு வார்த்தை. போட்டி முடிந்து அழைப்பு வந்ததும், “முடித்தாயா? எத்தனையாவது இடம்?” என்று கேட்காதீர்கள். “நல்லா இருக்கியா? சாப்பிட்டியா?” என்று கேளுங்கள். பாதியில் நின்றவர்கூடத் தயங்காமல் வீட்டுக்கு அழைப்பார்.