சங்கு ஊதினால் எங்கே ஓடுவது?

தெற்கு அந்தமானின் பத்துபஸ்தியிலிருந்து காராச்சர்மா வழியாக சிப்பிகாட் பக்கம் போனால், சாலையோரத் தாழ்நிலத்தில் உப்புநீர் நிற்பதைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26-க்கு முன் அங்கே விவசாயம் நடந்தது. அன்று காலை 6.29 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடித் தட்டு உடைந்தபோது இந்தப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. உள்ளே வந்த கடல் பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. அருகிலுள்ள போர்ட் பிளேரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனால் தாழ்ந்த நிலம் தாழ்ந்தபடிதான் இருக்கிறது.

இந்த மண்ணில் நின்றுகொண்டு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஊருக்கெல்லாம் கேட்கும்படி ஒலிக்கிற அபாயச் சங்கு நமக்கு மறுபடியும் தேவையா? உள்துறை அமைச்சகத்தின் உத்தரவுப்படி 2025 மே 7 அன்று நாடெங்கும் 244 சிவில் பாதுகாப்பு மாவட்டங்களில் ஒத்திகை நடந்தபோது, 1971 போருக்குப் பிறகு பிறந்த பலர் விமானத் தாக்குதல் சைரனை முதன்முறையாகக் கேட்டார்கள். பழைய சைரன்கள் துடைத்து எடுக்கப்பட்டன. வேலை செய்யாதவை செய்தியாயின. அந்தப் பரபரப்பு சில நாட்களில் அடங்கிவிட்டது. ஆனால் அது எழுப்பிய கேள்வி அடங்கக் கூடாது.

சங்கு வேண்டும் என்பதே என் கருத்து. அந்தமானுக்கும் வேண்டும், சென்னைக்கும் கடலூருக்கும் வேண்டும். ஆனால் அதைக் கேட்டதும் என்ன செய்வது என்று குழந்தைக்கும் தெரியாத ஊரில், சங்கு வெறும் இரைச்சல். மே மாத ஒத்திகையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சைரனுக்கு விளக்கை அணை, வீட்டுக்குள் போ என்று பொருள். சுனாமிக்கு ஒலிக்கும் சைரனுக்கோ வீட்டை விட்டு வெளியே வா, மேட்டுக்கு ஓடு என்று பொருள். ஒரே ஒலிக்கு நேரெதிரான இரண்டு கட்டளைகள். இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுகிறவர் எதைச் செய்வார்?

இப்படி ஒரு குழப்பம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 ஆகஸ்டில் ஹவாயின் லஹைனா நகரம் காட்டியது. மாவி தீவில் மட்டும் 80 சைரன்கள் இருந்தன. மாதந்தோறும் சோதித்துப் பார்க்கிற, உலகமே மெச்சிய ஏற்பாடு அது. நகரம் தீப்பிடித்து எரிந்த அன்று ஒன்றுகூட ஒலிக்கவில்லை. சைரன் கேட்டால் மக்கள் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம் ஓடுவார்கள், தீ அங்கிருந்துதான் இறங்குகிறது என்று அவசரகால நிர்வாகத்தின் தலைவர் விளக்கம் சொன்னார். மறுநாளே பதவி விலகினார். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர் எடுத்த முடிவு சரியா என்பதை அங்குள்ளவர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். நான் அதில் காண்பது வேறு. அந்த ஊரில் சங்குக்கு ஒரு பொருள் ஆழமாகப் பதிந்திருந்தது. இன்னொரு ஆபத்துக்கு அதைப் பயன்படுத்த அதிகாரியின் கை நடுங்கியது. அப்படிப் பதிந்த பொருள் நம் கரைகளில் இன்னும் ஒன்றுகூட இல்லை.

பழைய ஏற்பாடுகள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தன. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துப் பாருங்கள். மாலுமிகளுக்காக வகுத்த குறி அது. பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு என்று வானொலியில் கேட்டே வளர்ந்த நம் கடற்கரைக் குடும்பங்கள் அந்த எண்களை மனப்பாடமாக வைத்திருந்தன. பத்தாம் எண் என்றால் பெரும் அபாயம். பதினோராம் எண்ணுக்கு, எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, இனி உள்ளூர் அதிகாரி தன் கணிப்பில் நடந்துகொள்ள வேண்டும் என்று பொருள். செய்தி அனுப்புகிற வழியே ஒரு நாள் செத்துப்போகலாம் என்பதை நினைத்துப் பார்த்து, அதற்கும் ஒரு குறியை ஒதுக்கி வைத்தவர்களை எண்ணினால் மரியாதை வருகிறது.

2004-இல் நடந்தது அந்தப் பதினோராம் எண்தான். கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் நீரில் போனது. தீவுகள் ஒன்றோடொன்று பேச முடியாமல் போயின. டெல்லியிலோ வானிலைத் துறையின் தொலைநகல் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாக அந்நாட்களில் பத்திரிகைகள் எழுதின. நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அலை தமிழகக் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

விதிவிலக்காக நின்ற ஊர் ஒன்று உண்டு. புதுச்சேரிக் கரையில் நல்லவாடு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அங்கே ஒரு கிராமத் தகவல் மையம் நடந்துவந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்பதை இணையத்தில் பார்த்து, கட்டுமரக்காரர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்வது அதன் அன்றாட வேலை. அன்று காலை சிங்கப்பூரில் வேலையில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊர்க்காரர்கள் மையத்தைத் திறந்து, அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் உயிர் பிழைத்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த அழைப்பைத்தான் எல்லோரும் வியந்து பேசினார்கள். எனக்கு அந்த ஒலிபெருக்கிதான் பெரிதாகத் தெரிகிறது. தினமும் உண்மை சொல்லிவந்த குரல் என்பதால், அன்றைக்கு அது சொன்னதையும் ஊர் சந்தேகிக்கவில்லை.

வைகைக் கரையில் இன்றும் அதுபோன்ற ஒரு பழக்கம் இருக்கிறது. அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை. 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை. அபாயச் சங்கு ஊதப்படும். ஆற்றில் இறங்கக் கூடாது என்று கரையோர ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சென்னையில், 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் இறங்கியபோது, எச்சரிக்கை எங்களை எட்டவில்லை என்று கரையில் வாழ்ந்தவர்கள் ஏராளமாகச் சொன்னார்கள். வைகைக்குத் தெரிந்தது அடையாற்றுக்கு ஏன் தெரியாமல் போனது? நகரம் பெரிதாகப் பெரிதாக, ஆற்றங்கரையில் குடியிருப்பதே மறந்துபோவதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கைப்பேசி இருக்கிறதே, சங்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2023 அக்டோபர் 20 அன்று தமிழகத்தில் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கும், அது சோதனை. நல்ல ஏற்பாடு, அது வளரட்டும். ஆனால் கைப்பேசிக்குக் கோபுரமும் மின்சாரமும் வேண்டும். அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் வந்த கடலடிக் கேபிள் சென்னையிலிருந்து 2,300 கிலோமீட்டர் நீள்கிறது. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்தபோது டோங்காவின் கேபிள் அறுந்து, அந்தத் தீவுகள் ஐந்து வாரங்களுக்கு மேல் சரியான தொடர்பு இல்லாமல் கிடந்தன. நம் தீவுகளும் அதே வகைக் கடலில்தான் இருக்கின்றன. 1881-இல் கார் நிக்கோபாரில் ஒரு பெரும் அதிர்வு. அதன் சிற்றலைகள் சென்னைத் துறைமுகம் வரை பதிவாயின. 1941 ஜூனில் இன்னொன்று; ராஸ் தீவையும் செல்லுலார் சிறையையும் சேதப்படுத்தியது. பிறகு 2004. இந்த வரிசை முடிந்துவிட்டதாக நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம், நிலம் அதிர்ந்த பத்து நிமிடங்களுக்குள் முதல் அறிக்கை தர வல்லது. சென்னைக்கு அது தாராளம். நிக்கோபாருக்குப் போதாமலும் போகலாம். ஆகவே தீவுகளில் முதல் சங்கு நிலத்தின் ஆட்டமே: நிற்க முடியாதபடி பூமி ஆடினால் எதற்கும் காத்திராமல் மேடேற வேண்டும். லிட்டில் அந்தமானின் ஓங்கே பழங்குடியினர் அப்படித்தான் பிழைத்தார்கள். சுமத்ராவை ஒட்டிய சிமுலுவே தீவில், 1907 அலையின் நினைவைப் பாட்டிகள் சொல்லிச் சொல்லிக் காத்ததால் ஏறத்தாழ 78,000 பேரில் ஏழு பேரே இறந்தார்கள். அப்படியானால் இங்கே சங்கு எதற்கு? தொலைவில் நிலம் ஆடி, இங்கே மெல்லிய அசைவு மட்டும் தெரிகிற நாளுக்கு. முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கக் கீழே இறங்கத் துடிப்பவர்களை, இன்னும் முடியவில்லை என்று மேட்டிலேயே நிறுத்திவைக்க. சுனாமி ஒரே அலையாக வந்து ஓய்வதில்லை, மணிக்கணக்காக வரும்.

இன்னொரு காரணமும் உண்டு. பத்துபஸ்தியில் ஒரு தெருவுக்குள்ளேயே தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் பேசும் வீடுகள் இருக்கும். சந்தையில் எல்லோரும் இந்தியில் பேசிக்கொள்வார்கள். கச்சாலில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் ரப்பர் தோட்டத்துக்காகக் குடியேற்றப்பட்டார்கள்; அந்தத் தீவு 2004-இல் மிக மோசமாக அடிபட்டது. எந்த மொழிக்காரருக்கும் ஒரே நொடியில் எட்டுவது சங்கொலிதான். விளக்கத்தை அதன் பின்னால் அவரவர் மொழியில் ஒலிபெருக்கி சொல்லட்டும்.

எனவே தீவுகளில் சங்கைக் கடலுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போர்க்கால அறிவிப்புக்குக் கைப்பேசியோ வேறொரு ஒலியோ இருக்கட்டும்; நீண்டு ஒலிக்கும் சங்கு கேட்டால் மேடேறு என்பது மட்டுமே பொருள். மாதத்தில் ஒரு குறித்த நாள், குறித்த நேரத்தில் அது ஒலிக்க வேண்டும். அன்று பள்ளிப் பிள்ளைகள் தங்கள் பகுதியின் மேட்டுக்கு நடந்தே போய்வர வேண்டும். விசை தலைநகரத்து அறையில் மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் மின்கலத்தால் இயங்கும் சங்கும், கையால் சுழற்றும் சங்கும் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்துவிட்டால் ஊதும் அதிகாரம் யாருக்கு என்பதை இப்போதே எழுதி வைக்க வேண்டும். தவறாக ஊதிவிட்டால் அவர் தண்டிக்கப்படமாட்டார் என்பதையும் சேர்த்து. கார் நிக்கோபாரில் சுனாமிக்குப் பின் குடியிருப்புகள் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டன. தென்னந்தோப்புகள் கரையில்தான் இருக்கின்றன, கொப்பரைக்காக ஆட்கள் அங்கேதான் போகிறார்கள். சங்கை நடுவதற்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, அந்தத் தோப்பில் நிற்பவருக்குக் கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.