பெயர் சொல்லாத பாடல்

லெட் ஜெப்பலின் குழுவின் முதல் இசைத்தொகுப்பு (1969) குறித்து ரசிகரிடையே இரு கட்சிகள் உண்டு. ராக் இசையின் புதுத் தொடக்கம் என்பது ஒன்று. இரவல் சரக்கு என்பது மற்றொன்று. நாம் இரண்டையும் முழுதாக ஏற்கவில்லை.

மடி வாட்டர்ஸும் ஓடிஸ் ரஷ்ஷும் முன்பே பாடிய இரு ப்ளூஸ் பாடல்கள், வில்லி டிக்சனின் பெயரோடேயே அதில் உள்ளன. ஜான் பானமின் டிரம்ஸும் ஜிம்மி பேஜின் கிதாரும் அவற்றுக்கு வேறோர் உடலைத் தந்தன. அது திருட்டன்று.

‘டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு’ அப்படியல்ல. ஜேக் ஹோம்ஸ் 1967இலேயே வெளியிட்ட அப்பாடல், பேஜின் பெயரில் மட்டுமே வந்தது. 2010இல் ஹோம்ஸ் வழக்குத் தொடுத்த பின்னரே அவர் பெயரும் சேர்ந்தது. எடுத்தாள்வது ப்ளூஸ் மரபுதானே என்பார்கள். மரபின் பொதுச்சொத்து வேறு. உயிரோடிருக்கும் ஒருவரின் பாட்டு வேறு. அவர் பெயரைச் சொல்லியிருந்தால் பேஜின் வாசிப்பு எவ்விதத்திலும் குறைந்திருக்காது.