பழைய பைக்கு 86 கோடி! தைத்த கைக்கு என்ன?

2025 ஜூலை 10ந் தேதி பாரிஸ் நகரத்தில் ஓர் ஏலம் நடந்தது. ஏலம் போட்டது சதபீஸ் கம்பெனி. ஏலத்துக்கு வந்த சரக்கு என்ன? ஒரு பழைய தோல் பை! ஜேன் பிர்க்கின் என்ற நடிகை வருஷக் கணக்கில் தோளில் மாட்டித் தேய்த்த பை. மேலெல்லாம் கீறல், கறை, ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்த அடையாளம். 1980களில் ஹெர்மெஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி செய்தது. எவ்வளவுக்குப் போயிற்று தெரியுமா? ஏலக் கமிஷனும் சேர்த்து சுமார் 86 லட்சம் யூரோ! நம் பணத்தில் ஏறக்குறைய 86 கோடி ரூபாய்! வாங்கியது யார்? பழைய பைகளை வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு ஜப்பான் கம்பெனி!

கணக்குப் போட்டுப் பாருங்கள், தோழர்களே! நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்தில் 300 நாள் வேலை கிடைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு காசு செலவழிக்காமல், கஞ்சிகூடக் குடிக்காமல் 5,700 வருஷம் உழைத்தால் அந்தப் பழைய பையை வாங்கலாம்! கீழடியில் ஜனங்கள் பானை வனைந்து வாழ்ந்தது சுமார் 2,600 வருஷத்துக்கு முன்னால். அதற்கும் மூவாயிரம் வருஷம் முந்தி நாம் வேலைக்குப் போயிருக்க வேண்டும்!

நமக்கென்ன என்று இருக்கலாமா?

"இது கோடீஸ்வரர்களின் கூத்து. மூட்டை தூக்குகிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று ராயபுரத்துத் தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கூத்து பாரிஸோடு நிற்கவில்லை. செல்போன் வழியாக நம் சந்துக்குள்ளும் நுழைந்துவிட்டது.

2009ல் பாரிஸில் வெஸ்தியேர் கலெக்டிவ், 2011ல் அமெரிக்காவில் தி ரியல்ரியல் என்று பெரிய கம்பெனிகள் கிளம்பின. சீமான்களும் சீமாட்டிகளும் உபயோகித்துச் சலித்த கைப்பை, பெல்ட், கடிகாரம், கறுப்புக் கண்ணாடி ஆகியவற்றை ஆன்லைனில் கைமாற்றி, நடுவில் நின்று கமிஷன் அடிப்பதுதான் இவற்றின் வேலை. பம்பாயிலும் டில்லியிலும் இதே தொழில் முளைத்தது. இவற்றைப் பார்த்துச் சில்லறைத் தரகர்களும் செல்போனில் கடை விரித்தார்கள். துறைமுகத்துக் காண்ட்ராக்ட் கூலியின் மகனும், திருவொற்றியூர்ப் பட்டறைத் தொழிலாளியின் மகளும் கையில் வைத்திருக்கும் போனில், "சீமான் பை, பாதி விலை, மாதத் தவணை உண்டு" என்று விளம்பரம் வருகிறது. பெரிய இடத்துப் பெயர் பொறித்த பை தோளில் தொங்கினால்தான் மதிப்பு என்று இளம் உள்ளங்களில் ஏற்றுகிறார்கள். இந்த விஷம் நம் வீட்டுக்குள் வரும்போது நமக்கென்ன என்று இருக்க முடியுமா?

பழைய பொருளை வாங்குவதில் தவறு ஏதுமில்லை. உழைப்பாளி எந்தக் காலத்தில் புதிதாகவே வாங்கினான்? 1985ல் தீக்கிரையாகும் வரை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிப் படித்து ஆளானவர்கள் எத்தனை பேர்! பழைய சைக்கிள் வாங்கினோம், பழைய தையல் மிஷின் வாங்கினோம். காயலான் கடையில் இரும்பை எடை போட்டுக் காசு கொடுத்தார்கள். அங்கே பொருளுக்கு விலை, பிரயோஜனத்துக்கு விலை. தேய்ந்தால் விலை குறையும். அதுதான் நாணயமான கணக்கு. இங்கேயோ தேய்ந்த தோலுக்கு விலை ஏறுகிறது! ஏன் ஏறுகிறது? விற்கப்படுவது பெயர். பை அதைச் சுமக்கும் கூலி!

கோர்ட்டில் கிழிந்த முகமூடி

அந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது? 2024ல் இத்தாலியில் மிலான் நகரக் கோர்ட் திறந்து காட்டிவிட்டது.

டியோர் என்பது உலகப் பிரசித்தி பெற்ற பெயர். அதன் பைகள் செய்யும் இத்தாலியக் கம்பெனியை 2024 ஜூனில் கோர்ட் தன் நிர்வாகிகளின் மேற்பார்வையில் வைத்தது. காரணம் என்ன? சப்-காண்ட்ராக்ட் பட்டறைகளில் சீனத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுக்கை. உற்பத்தி வேகமாக நடக்க வேண்டுமென்று மிஷின்களின் பாதுகாப்புச் சாதனத்தையே கழற்றி வைத்திருந்தார்கள்! கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு பையைச் செய்து கொடுத்ததற்குப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. தோல் முதலிய மூலப்பொருள் செலவு தனி. அதை மறைக்க வேண்டாம். ஆனாலும் பாருங்கள்: நூறு ரூபாய் விலையில் செய்கூலி இரண்டே ரூபாய்! அந்த இரண்டிலும் பட்டறைக்காரன் பங்கு போகத்தான் தொழிலாளிக்கு!

அதே வருஷம் ஏப்ரலில் அர்மானி கம்பெனியின் கதையும் அம்பலமாயிற்று. பட்டறைக்கு 93 யூரோ. நடுத் தரகன் அதையே கம்பெனிக்கு 250 யூரோவுக்கு விற்றான். கடையில் 1,800 யூரோ! தைத்தவனுக்கு மணிக்கு இரண்டு, மூன்று யூரோ!

கம்பெனிகளை நேரடிக் குற்றவாளிகள் என்று கோர்ட் சொல்லவில்லை. கீழே நடப்பதைக் கவனிக்கத் தவறினார்கள் என்றது. 2025 பிப்ரவரியில் இரண்டு கம்பெனிகள் மீதிருந்த மேற்பார்வையும் நீக்கப்பட்டது. "கீழே நடப்பது எங்களுக்குத் தெரியாது!" இந்தப் பல்லவி நமக்குப் புதிதா? எண்ணூரிலும் மணலியிலும் காண்ட்ராக்ட் தொழிலாளி கை நசுங்கினால், "அவன் எங்கள் ஆள் இல்லை, காண்ட்ராக்டரின் ஆள்" என்று சொல்லக் கேட்டதில்லையா? கடல் கடந்தாலும் பாட்டு ஒன்றுதான்.

பெயரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மட்டும் இதே உலகத்துக்குக் கண் நன்றாகத் தெரிகிறது! பழைய பைகள் விற்ற ஒரு நியூயார்க் கம்பெனி மீது சானெல் கம்பெனி வழக்குப் போட்டது. 2024 பிப்ரவரியில் ஜூரி 40 லட்சம் டாலர் நஷ்டஈடு விதித்தது. பெயருக்குக் காவல் நிற்க வக்கீல் படை இருக்கிறது. தைத்த விரலுக்குக் காவல் யார்?

பாலாற்றைக் கேளுங்கள்!

இத்தாலி வரை போவானேன்? தோல் என்றால் உலகச் சந்தையில் நம் மாகாணத்துக்குப் பழைய பெயர் உண்டு. பெரியமேட்டுத் தோல் மண்டிகளை அறியாதவர் யார்? வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையிலிருந்து தோலும் செருப்பும் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பல் ஏறின. அந்தப் பெட்டிகளை ஏற்றியவர்கள் நம் தோழர்கள்தான்.

அந்தத் தோலைப் பதனிட்ட கழிவு எங்கே போயிற்று? பாலாற்றில்! 1996 ஆகஸ்ட் 28ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது: தோல் ஷாப்புகள் நிறைந்த அந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று. விவசாயக் கூலித் தோழரே, நிலம் செத்தால் முதலில் வேலை இழப்பது யார்? நீங்கள்தான். பிறகு அதே தோல் ஷாப்பில் தொட்டிக்குள் இறங்கிப் பிழைக்க வேண்டியவரும் நீங்கள்தான்!

2015 ஜனவரி 31ந் தேதி ராணிப்பேட்டை சிட்கோ பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்துறங்கிய தொழிலாளர்கள் உள்பட 10 பேர் சேற்றில் மூழ்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். மிலானிலும் வேலைத்தலத்திலேயே படுக்கை, ராணிப்பேட்டையிலும் வேலைத்தலத்திலேயே படுக்கை! ஆம்பூர்ப் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்கு இத்தனை என்ற ரேட்டில் செருப்பின் மேல்தோலைக் கையால் தைத்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் ஏறியதில்லை.

பெயர் எப்படித் திருடப்படுகிறது என்பதையும் பாருங்கள். 2025 ஜூனில் மிலானில் பிராடா கம்பெனி ஒரு செருப்பை மேடையேற்றியது. பார்த்தால் அசல் கோலாப்பூர்ச் செருப்பு! 2019லேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு. ஆனால் கோலாப்பூர் என்ற சொல்லே அங்கே இல்லை. இங்கே கூச்சல் கிளம்பிய பிறகுதான், "இந்தியச் செருப்பைப் பார்த்துச் செய்தோம்" என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில் மகாராஷ்டிரா, கர்நாடகா தோல் கார்ப்பரேஷன்களுடன் உடன்படிக்கையும் செய்தார்கள். கூச்சல் இல்லாவிட்டால் உடன்படிக்கை ஏது? இந்தப் பாடத்தை மறக்க வேண்டாம்.

மூன்று வாதம், மூன்று பித்தலாட்டம்

பழைய பை வியாபாரிகள் மூன்று வாதங்களை வைக்கிறார்கள்.

முதல் வாதம்: "சீமான் அனுபவித்தது ஏழைக்கும் எட்டுகிறது." பேஷ்! இரண்டு லட்ச ரூபாய்ப் பை பாதி விலைக்கு வந்தால் ஒரு லட்சம். அது எந்த ஏழைக்கு எட்டும்? எட்டுவது தவணைக் கடன்தான். சீமான் பெருமையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுக் காசாக்குகிறான். நம் பிள்ளை அதை வட்டியோடு தூக்கிக்கொள்கிறான்.

இரண்டாவது வாதம்: "பூமி மாதாவைக் காக்கிறோம், பொருள் வீணாகாமல் தடுக்கிறோம்." ஒரு பொருளைப் பலர் உபயோகிப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வீணாக்கியது யார்? பர்பெரி என்ற பிரிட்டிஷ் கம்பெனி ஒரே கணக்கு வருஷத்தில் 2 கோடியே 86 லட்சம் பவுன் மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது. விலை இறங்கினால் பெயர் கெட்டுவிடுமாம்! 2018ல் குட்டு வெளிப்பட்ட பிறகே நிறுத்துவதாக அறிவித்தது. இன்னொரு வேடிக்கை: குச்சி கம்பெனியின் முதலாளியான கெரிங், 2021ல் வெஸ்தியேர் கம்பெனியில் சுமார் 5 சதவிகிதப் பங்கு வாங்கியது. புதுப் பையிலும் லாபம், பழைய பையிலும் லாபம்!

மூன்றாவது வாதம்: "இது தங்கம் மாதிரி முதலீடு." தங்கத்தை எந்த அடகுக் கடையில் வைத்தாலும் உரசிப் பார்த்துப் பணம் தருவான். பையை உரசிப் பார்க்கக் கல் எங்கே இருக்கிறது? விலை ஏறுவது அபூர்வமான சில பைகளுக்குத்தான். மற்றவை விற்கப் போனால் கமிஷன் போக மிஞ்சுவது கொஞ்சமே. அது போலி என்று தெரிந்தாலோ பூஜ்யம்!

ஏமாந்தால் என்ன வழி?

போலிச் சரக்கு விற்பது 1999ம் வருஷத்து டிரேட் மார்க் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். 2020ம் வருஷத்து இ-காமர்ஸ் விதிகளின்படி ஆன்லைன் கம்பெனி புகார் அதிகாரியை நியமித்தாக வேண்டும். 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 1915 என்ற நம்பரில் நுகர்வோர் உதவி கேட்கலாம். ஜில்லா நுகர்வோர் கமிஷனுக்கும் போகலாம். பில், போட்டோ, பேசிய செய்தி, பணம் கட்டிய அத்தாட்சி எதையும் அழிக்காதீர்கள்!

ஆனால் ஓட்டையையும் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலாக அல்லாமல், சொந்தப் பொருளை எப்போதோ விற்கும் தனி ஆளை அந்த விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. "அக்கா உபயோகித்த பை, அவசரமாக விற்கிறோம்" என்று தரகனே வேஷம் கட்டி வந்தால்? ஓட்டை வழியே திருடன் போய்விடுவான்! சர்க்கார் இதை அடைக்க வேண்டாமா? 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைப்பை விற்றால் ஒரு சதவிகிதம் வரி வசூலிக்க 2025 ஏப்ரல் 22 முதல் ஏற்பாடு செய்தார்கள். பையின் விலையைக் கணக்கெடுக்கத் தெரிந்தவர்களுக்கு, பை தைத்தவளின் கூலியைக் கணக்கெடுக்கத் தெரியாதா?

நாம் கேட்பது என்ன?

ஒன்று: கமிஷன் வாங்கும் கம்பெனி, விற்றவன் யாராக இருந்தாலும், போலிக்குப் பொறுப்பேற்றுப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டு: எவன் பெயர் பையில் பொறிக்கப்படுகிறதோ, அவனே கடைசிப் பட்டறையின் கூலிக்கும் உயிருக்கும் பொறுப்பு. சப்-காண்ட்ராக்ட் சாக்கு செல்லாது!

மூன்று: வீட்டிலிருந்து தைக்கும் பெண்களின் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். ரேட் பேச அவர்களுக்குச் சங்கம் வேண்டும்.

நான்கு: பாழான நிலத்துக்கும் நீருக்கும் ஆன செலவை, பாழாக்கியவன் தர வேண்டும். 1996லேயே சுப்ரீம் கோர்ட் சொன்னதுதான் இது.

இளந்தோழர்களே! பை வேண்டுமா, வாங்குங்கள். பழையதா, தாராளமாக வாங்குங்கள். தையல் உறுதியா, வார் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். பெயருக்காகக் கடன்படாதீர்கள்! 1918ல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் இதே வடசென்னை மண்ணில் சங்கம் கண்டார்கள். அன்று அவர்கள் தோளில் எந்தச் சீமான் பெயரும் தொங்கவில்லை. அவர்களைக் கண்டு துரைமார் நடுங்கியது அவர்கள் ஒன்றாய் நின்றதால்தான். உழைப்பாளியின் மதிப்பு அங்கே இருக்கிறது. அது எந்த ஏலத்திலும் கிடைக்காது!