தணிகையில் தணியாத வெப்பம்

முருகன் சினம் தணிந்த இடமாதலின் அது தணிகை ஆயிற்று எனப் புராணிகர் புகல்வர். சினம் தணிந்த கதையை அவர்கள் சொல்லட்டும். வெப்பம் தணியாத கதையை நான் சொல்கிறேன். கோடையில் 100 டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியல் வெளிவரும்போதெல்லாம், திருத்தணியின் பெயர் முன்வரிசையில் நிற்கக் காண்கிறோம். வடவெல்லைப் போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த ஊர் அது. மண்ணை மீட்டோம், அம்மண்ணில் வாழும் எளியவன் கூரையை மறந்தோம்!

வெறுங்காலோடு வலம் வருவோர் பாதம் பொசுங்கலாகாது என்று, கோயில் பிரகாரங்களிலே கோடையில் வெள்ளை பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். கருங்கல் வெயிலை விழுங்குகிறது. வெண்மை அதைத் திருப்பி அனுப்புகிறது. கால் நாழிகை நடக்கும் காலுக்குக் கிடைத்த கருணை, காலமெல்லாம் வாழும் குடும்பத்தின் தலைக்குக் கிடைக்க வேண்டாமா?

அண்மையில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில், ஒன்றரை சென்ட் மனையில் நின்ற பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கண்டேன். கடன் வாங்கிய பணம். தரைக்கு டைல்ஸ், முன்சுவருக்குக் கண்ணைப் பறிக்கும் வண்ணம். "மொட்டைமாடிக்கு என்ன பூசப் போகிறீர்கள்?" என்றேன். மேஸ்திரி சிரித்தார். "அதை யாருங்க பார்க்கப் போறாங்க?"

பார்ப்பவன் ஒருவன் இருக்கிறான், தோழர்களே! காலை முதல் மாலை வரை கதிரவன் பார்க்கிறான். மாடியில்லாத சிறு வீட்டிலே வெப்பம் நுழையும் தலைவாயில் கூரைதான். பகலெல்லாம் பருகிய அனலைக் கான்கிரீட் இரவெல்லாம் உமிழ்கிறது. விசிறி சுழல்கிறது, அனலையே அள்ளி வீசுகிறது! மூதாட்டி பாயை வாசலுக்கு இழுக்கிறாள். குழந்தை அழுகிறது. குடும்பத் தலைவனோ, தவணைக்கு ஏ.சி. வாங்கலாமா என்று கணக்குப் போடுகிறான்.

கணக்கை வேறு விதமாகப் போட்டுப் பார்ப்போம். முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும். அடுத்து மொட்டைமாடிக்கு வெள்ளை. வசதியுள்ளவர் வெப்பம் தடுக்கும் பூச்சு பூசட்டும். இல்லாதவர் சுண்ணாம்பு அடிக்கட்டும். சுண்ணாம்பு மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும், அவ்வளவே. பின்னர் மேற்குச் சுவருக்கு நிழல், காற்றுக்கு எதிரெதிர்ச் சன்னல். அதற்கும் பிறகே விசிறி. பழைய விசிறி ஏறத்தாழ 75 வாட் தின்னும், இந்நாளைய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் முன்னது 72 யூனிட், பின்னது 29 யூனிட். 2016இல் வந்த சலுகையால் கிடைத்த 100 யூனிட் இலவச மின்சாரத்தில், 72ஐ ஒற்றை விசிறியே விழுங்கினால் மிச்சம் என்ன?

இதற்கெல்லாம் விதி இல்லையா என்பீர்கள். உண்டு! 2018இல் மத்திய அரசு 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்றொரு விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியே எவ்வளவு வெப்பம் நுழையலாம் என்று அளவும் வகுத்தது. நன்று. ஆனால் யாருக்கு? 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைக்கு. அதாவது, 12 சென்ட்டுக்கு மேல்! 2023இல் குளிர்கூரைக் கொள்கை கண்ட தெலங்கானாவிலும், குடியிருப்புக்குக் கட்டாயம் 600 சதுர கஜத்தில்தான் தொடங்கிற்று. ஒன்றரை சென்ட்காரன் எந்தக் கணக்கில்?

ஏழையைக் கட்டாயப்படுத்தாதது கருணையல்லவா என்பர். மெய்தான், கட்டளை வேண்டாம், கைகொடுக்கலாமே! 2024 அக்டோபரில் வெப்ப அலை தமிழகத்தில் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. அதில் உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணம் என்றனர். வரவேற்போம். ஆனால், இறந்தபின் நான்கு இலட்சம் தரும் கை, இருக்கும்போது நான்கு மூட்டை சுண்ணாம்பு தரலாகாதா? வீடு பழுதுபார்க்க அரசு வழங்கும் பணத்திலே, கூரைக்கு வெள்ளையும் ஓர் இனமாக எழுதப்பட வேண்டும். வாடகை வீடுகளைச் சிறப்பாகக் கருத வேண்டும். கூரைக்கு உரியவன் ஒருவன். மின்கட்டணம் கட்டுபவன் வேறொருவன். ஆகவே இருவருமே பூசமாட்டார்கள்!

அரசு தரும்வரை காத்திருப்போமா? தேர்தல் வந்தால் இரவோடிரவாகச் சுவர் பிடித்து வெள்ளையடிக்கத் தெரிந்த கைகள் அல்லவா நம் கைகள்! அதே வாளி, அதே மட்டை. இம்முறை சுவரோடு நில்லாமல் ஏணி வைத்து மேலே ஏறுங்கள். கோடை பிறக்குமுன், கிளைக்குப் பத்து வீடு. அங்கே சின்னம் வேண்டாம், பெயர் வேண்டாம், முழக்கம் வேண்டாம்.

சுவரில் அடித்த வெள்ளை நமக்கு வாக்கு வாங்கித் தந்தது. கூரையில் அடிக்கும் வெள்ளை அவர்களுக்கு உறக்கம் வாங்கித் தரட்டும்!