நாயின் பல்லும் நுளம்பின் ஊசியும்

நாய் என்றவுடன் நமது ஆட்சியாளருக்கு நினைவில் எழுவது விசர்நாய்க்கடி ஒன்றே. 1893ஆம் ஆண்டு பிறந்த நீர்வெறுப்பு நோய்க் கட்டளைச் சட்டம் நாயின் பல்லைக் கண்டது. அதனைக் கடிக்கும் நுளம்பின் ஊசியைக் காணவில்லை.

உலகின் பல பாகங்களில் நுளம்பு பரப்பும் இருதயப் புழு நாய்களைக் கொல்லுகின்றது. ஓரடி நீளம்வரை வளர்ந்து நுரையீரல் நாடிகளை அடைக்கும் புழு அது. முற்றியபின் பாஷாணம் கலந்த ஊசியே மருந்து. நாயையும் பல வாரம் ஓடவிடாது கட்டிவைக்க வேண்டும். இலங்கை நாய்களில் மிகுந்து காணப்படுவதோ அதன் இனமான தோலடிப் புழு. நாயை அது அத்துணை வருத்துவதில்லை. ஆயின் மனிதரை விடுவதில்லை. குழந்தையின் தோலிலே கட்டியாக எழும், கண்ணிலும் புகும். அறுத்தெடுப்பதே பரிகாரம்!

யானைக்கால் நோயை அடக்கியமைக்காக 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்ற நாடு இது. இராக்காலத்தில் வீடு வீடாகச் சென்று மனிதரின் இரத்தம் சோதித்த அரசுக்கு நாயின் ஒரு துளி இரத்தம் பாரமாகுமா?

நெல்லியடியில் விசர்நாய்த் தடுப்பூசி போடும் இடத்திலேயே மிருக வைத்தியர் அத்துளியையும் சோதிக்கட்டும். சோதித்தபின் மாதமொருமுறை ஐவர்மெக்டின் போன்ற மருந்து கொடுத்தால் இருதயப் புழுவின் குஞ்சுகள் வளருமுன்னே மடியும். இரத்தத்தில் குஞ்சு நிறைந்த நாய்க்குச் சோதியாது கொடுத்தாலோ அதிர்ச்சியால் நாயே மடியவுங்கூடும். மாட்டு மருந்தை வாங்கி மனம்போன அளவில் ஊற்றும் அன்பர்கள் இதனை மனங்கொள்வாராக.

பணம் எங்கே என்பர். நாய்ப் பதிவுக்கு 1901ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கும் தீர்மானத்தைக் கரவெட்டிப் பிரதேச சபை அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்ற வேண்டும்.